ஆர்மீனிய மலைகளில் ஒரு பட்டினி

ஆர்மீனியாவுக்குப் போய் வந்தவள் என்று சொன்னால் பாரிசில் எங்கள் சனம் கூடுகிற லாச்சப்பலில் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. "அங்கை என்னத்துக்குப் போனனீங்கள்?" என்று கேட்பார்கள். மலை பார்க்க, பழைய கோயில் பார்க்க என்று சொல்லிவிடுவேன். மலையும் பார்த்தேன், கோயிலும் பார்த்தேன், அதில் பொய்யில்லை. ஆனால் நான் போனது என் தம்பியை இழுத்துக்கொண்டு வருவதற்கு.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லாச்சப்பலில் எங்களுடைய கடைகள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. மெட்ரோ ஓடும் இரும்புப் பாலத்துக்குக் கீழே பொடியன்கள் கூட்டமாக நின்று ஊர்ப் புதினம் கதைப்பார்கள். மரக்கறி வாங்கப் போனால் நாலு செய்தியும் சேர்ந்து வரும். அப்படி ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது, ரஷ்யாவில் படித்துவிட்டுப் புதிதாக வந்திறங்கிய ஒரு பொடியன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீங்கள் யெரெவானில படிக்கிறவற்ர அக்காவோ?"

"ஓம்."

"அவர் இந்த லீவுக்கு மெட்ராசுக்கு டிக்கெட் போட்டிட்டார். உங்களுக்குச் சொன்னவரோ?"

"மெட்ராசில எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்காயைப் பார்த்தான். "அங்கை போற பொடியள் என்னத்துக்குப் போறாங்கள் எண்டு நான் சொல்லவேணுமோ அக்கா?"

சொல்ல வேண்டியதில்லைதான். எங்கள் மூத்த அண்ணன் அந்த வழியில்தான் இயக்கத்துக்குப் போனார். மெட்ராஸ் போய், அங்கிருந்து பயிற்சிக்குப் போய், பிறகு எந்தக் கடலால் எந்தக் கரைக்குப் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் சத்தமில்லை. அம்மா ஊரில் ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு பிள்ளையையும் தேட விடமாட்டேன் என்று அந்தக் கத்தரிக்காய்ப் பெட்டிக்கு முன்னாலேயே நான் முடிவெடுத்துவிட்டேன்.

தம்பிக்கு இன்னொரு வழியும் இருந்தது. யெரெவான் ஆர்மீனியாவின் தலைநகர், ஆர்மீனியா அப்போது சோவியத் நாட்டின் ஒரு பகுதி. சோவியத் நாட்டில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் விடுமுறைக்கு வெளியே போக அனுமதி எடுத்து, ரயில் ஏறி, கிழக்கு பெர்லினுக்கு வந்துவிடலாம். அங்கிருந்து மேற்கு பெர்லின் ஒரு நகர ரயில் தூரம். லாச்சப்பலில் நின்ற பொடியன்களில் பாதிப் பேர் அந்தப் பாதையால் வந்தவர்கள்தான். ஒரே விடுமுறை அனுமதி, இரண்டு பக்கம். மேற்கே வந்தால் என்னிடம் வருவான். தெற்கே போனால் அண்ணனிடம் போவான், அண்ணன் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். விடுதித் தொலைபேசியை ஆரார் ஒட்டுக்கேட்பார்களோ தெரியாது என்பதால் ஒன்றையும் நேராகக் கேட்க முடியவில்லை. "லீவுக்கு எங்கை போறாய்?" என்றால், "லைன் கிளியர் இல்லை அக்கா" என்றான். லைன் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. நேரில் போனாலொழிய இவன் வழிக்கு வரமாட்டான் என்று விளங்கியது.

என் அதிர்ஷ்டத்துக்கு நான் வேலை செய்த தையல் பட்டறை ஆர்மீனியர்களுடையது. பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்தது. முதலாளி ஐயா துணி வெட்டுவார், அவருடைய மனைவி மதாம் எங்களை வெட்டுவார். வாய் அப்படி. ஒவ்வொரு கோடையிலும் அவர்களுடைய ஆட்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து தங்கள் மண்ணைப் பார்க்கப் போவார்கள், மலைமலையாக ஏறி மடாலயங்களைக் கும்பிட்டு வருவார்கள். அந்த வருடம் மதாமும் அவருடைய சகோதரியும் பதிந்திருந்தார்கள். சகோதரி படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மதாமுக்கோ இரண்டு முழங்காலும் சரியில்லை. கை பிடித்து ஏற்றி இறக்க ஓராள் இல்லாவிட்டால் மலையை பஸ் யன்னலால்தான் பார்க்க வேண்டும்.

நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்க் கேட்டேன். தம்பி யெரெவானில் படிக்கிறான், அவனை ஒருமுறை பார்க்க வேண்டும், உங்கள் கையை நான் விடமாட்டேன் என்றேன். தைத்து முடித்த கோட்டைத் திருப்பிப் பார்ப்பது போல மதாம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு மலை ஏறத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு மலை எங்கே இருந்தது?

அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தில் சோவியத் விசா கிடைக்குமா என்பது புறப்படுவதற்கு முதல்நாள்வரை தெரியாது. கிடைத்தது. என் கணவர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த ஈரக்கையோடு பெட்டியைக் கட்டித் தந்தார். "கோவப்படாமல் கதை" என்று மட்டும் சொன்னார். நான் எப்போது கோபப்பட்டேன் என்று கேட்டு அவரோடு சண்டை பிடித்துவிட்டு விமானம் ஏறினேன்.

யெரெவான் இளஞ்சிவப்புக் கல்லால் கட்டிய ஊர். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவள் நல்ல பிரெஞ்சு பேசும் இளம் பெண். பஸ்ஸுக்குள்ளேயே விதிகளைச் சொன்னாள். பயணப் புத்தகங்கள் ஹோட்டலிடம் இருக்கும். குழுவை விட்டு விலகக் கூடாது. பாலத்தையும் படையினரையும் படம் எடுக்கக் கூடாது. வந்த எல்லோரும் ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். வரும் நாளைத் தம்பிக்கு முன்பே எழுதியிருந்தேன், அவள் சொல்லி முடிப்பதற்குள் ஹோட்டலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மரத்துக்குக் கீழே அவன் நிற்பதைக் கண்டுவிட்டேன். தாடி விட்டிருந்தான். அண்ணன் நிற்பது போலவே இருந்தது.

அவனோடு அவனுடைய அறைத்தோழனும் வந்திருந்தான். மன்னார்ப் பொடியன், ஒல்லி, எதற்கும் சிரிக்கிற முகம். ஹோட்டல் சாப்பாடு எனக்குப் பிடிக்குமோ என்னவோ என்று ரொட்டியும் வெண்ணெய்க்கட்டியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மூன்று பேரும் சதுக்கத்தில் போட்டிருந்த ஒரு நீள வாங்கிலில் இருந்தோம். வெயில் இறங்கவில்லை. சுற்றிவரச் சனங்கள் பிள்ளைகளோடு உலாவிக்கொண்டிருந்தார்கள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "மெட்ராசுக்கு டிக்கெட் போட்டிருக்கிறியாம்."

"ஓம்" என்றான் தம்பி. "நாங்கள் ரெண்டு பேரும்தான்."

"அண்ணை போனது காணாதோ?"

"அண்ணை போனதாலதான் போறன்."

அறைத்தோழன் மெதுவாக எழும்பி நீரூற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் அம்மாவைச் சொன்னேன். ஊரில் எல்லாருக்கும் அம்மா இருக்கினம் என்றான். படிப்பைச் சொன்னேன். படித்து எந்த நாட்டில் பாலம் கட்டுறது என்று கேட்டான். என் குரல் ஏறியது. தொப்பி போட்ட காவல்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். குரலை இறக்கினேன். சத்தம் போட முடியாத இடத்தில் சண்டை பிடிப்பது போலக் கொடுமை வேறில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"நீ பெர்லினுக்கு வாறன் எண்டு சொல்லுமட்டும் நான் பச்சைத்தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கமாட்டன்."

எங்கள் வீட்டில் இது புது ஆயுதமில்லை. பிடிக்காத கலியாணப் பேச்சை நிறுத்தவும், வயலை விற்கவிடாமல் மறிக்கவும் எங்கள் பெண்கள் அடுப்படியில் சுருண்டு படுத்துச் சாதித்திருக்கிறார்கள். வாய்ப் பேச்சுக்கு மசியாத ஆம்பிளை, வீட்டில் ஒருத்தி சாப்பிடாமல் கிடக்க, தான் சோற்றுக்கோப்பையில் கை வைக்க மாட்டான். அதுதான் அதன் சூட்சுமம்.

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "சரி. நீ சாப்பிடுமட்டும் நானும் சாப்பிடேல்ல."

அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன் என்பதை நான் மறந்துவிட்டேன்.

நான் கேட்டுக்கொண்டதற்காக மறுநாள் காலை அவனையும் குழுவின் பஸ்ஸில் ஏற்றியது மதாம். பாரிசிலிருந்து கொண்டுவந்த வாசனைத் தைலப் போத்தல் ஒன்றை வழிகாட்டிப் பெண்ணின் கைப்பைக்குள் வைத்தார். இவன் என் வேலைக்காரியின் தம்பி, ரஷ்ய மொழியும் ஆர்மீனிய மொழியும் தெரியும், கடைசி ஆசனத்தில் ஒரு மூலையில் இருக்கட்டும் என்றார். அந்தப் பெண் யோசித்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

முதலில் போனது கோர் விராப். சமவெளியில் ஒரு சின்னக் குன்று, அதன்மேல் மடாலயம், அதற்குப் பின்னால் வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு அரராத் மலை. உச்சியில் வெயில் காலத்திலும் பனி. பஸ்ஸில் இருந்த ஆர்மீனியர்கள் இறங்கியதும் எல்லாரும் அதன் பக்கம் திரும்பி நின்றார்கள். அவர்களுடைய மலை அது. ஆனால் துருக்கி எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இடையில் முட்கம்பியும் காவற் கோபுரங்களும். பார்க்கலாம், போக முடியாது. மதாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மலையைப் பார்த்தது கொஞ்சம்தான். பின்னால் தம்பி என்ன செய்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அந்த மடாலயத்தில் நிலத்துக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. பழைய காலத்தில் அவர்களுடைய புனிதர் ஒருவரை அரசன் அதற்குள் போட்டு வருடக்கணக்காக அடைத்து வைத்திருந்தானாம். ஓராள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இரும்பு ஏணியால் இறங்க வேண்டும். மதாமால் முடியாது. தனக்காக ஒரு மெழுகுதிரியைக் கீழே ஏற்றிவிட்டு வரும்படி தம்பியிடம் கொடுத்தார். அவன் இறங்கினான். முதலில் கால், பிறகு தோள், பிறகு தலை. துவாரம் வெறுமையாகிவிட்டது.

நான் அந்த விளிம்பில் நின்றேன். வயிறு காய்ந்து முதுகில் ஒட்டியிருந்தது. கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணன் இப்படித்தான் எங்கேயோ நிலத்துக்குக் கீழே இருக்கிறாரோ, இல்லை மண்ணுக்குள் போய்விட்டாரோ என்று நினைத்துத் துவாரத்துக்குள் குனிந்தேன். "தம்பி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். குழுவில் உள்ளவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஏறி வந்து, "என்னக்கா, திரி ஏத்தத் தாமதிச்சா இப்பிடிக் கத்துவியோ?" என்றான். பயந்துபோனேன் என்று நான் சொல்லவில்லை. அவன் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன், வேண்டியதை விட பலமாக.

அன்று மதியம் ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். காகிதம் போல மெல்லிய ரொட்டி, பச்சைக் கீரைகள், தீயில் வாட்டிய இறைச்சி, அப்ரிகோட் பழம். நான் தண்ணீர்க் கோப்பையை மட்டும் எடுத்தேன். அந்த நாட்டில் விருந்தாளி சாப்பிடாமல் எழும்புவது சமைத்தவளின் முகத்தில் அறைவது மாதிரி. பரிமாறிய பெண் இரண்டு முறை வந்து கேட்டாள். மதாம் எனக்காக ஏதோ சொன்னார். அவள் உடனே கையை நெஞ்சில் வைத்துத் தலைகுனிந்துவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"நீ உங்கள் சமயத்தில் நோன்பு இருக்கிறாய் என்று சொன்னேன். அப்படித்தானே?"

நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பலன் பின்னேரமே தெரிந்தது. அடுத்துப் போன மடாலய வாசலில் எங்கள் குழுப் பெண் ஒருத்தி என் கையில் மெழுகுதிரியைத் தந்து தன் மகளுக்காக ஏற்றச் சொன்னாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி தந்தாள். இன்னொருத்தி என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பசியில் கண் இருட்ட இருட்ட நான் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் திரி ஏற்றினேன். பஸ்ஸில் ஏறியதும் கடைசி ஆசனத்திலிருந்து தம்பி மெதுவாகச் சொன்னான்: "இன்னும் ரெண்டு நாள் போனால் உனக்கும் ஒரு கோயில் கட்டிப் போடுவினம்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று பயம்.

அடுத்த நாள் செவான் ஏரி. மலைகளுக்கு நடுவில் கடல் போலக் கிடக்கிறது. குளிர்ந்த காற்று கன்னத்தில் அடித்தது. ஏரிக்குள் நீண்டிருந்த மேட்டின் உச்சியில் கருங்கல் தேவாலயங்கள். அதற்குச் செங்குத்தான படிகள். மதாம் என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு ஏறினார். பாதிக்கு மேல் எனக்குக் கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. மேலே பார்த்தேன். படியில் நின்று தம்பி சிகரெட் பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தான். தீக்குச்சி அவன் விரலில் நிற்கவில்லை. கை ஆடியது. ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது.

அந்தக் கணத்தில்தான் என் ஆயுதம் என் பக்கமே திரும்பிவிட்டது என்று விளங்கியது. என் பசியை நான் எவ்வளவும் தாங்குவேன். அவன் பசியைத் தாங்க என்னால் முடியவில்லை. சின்ன வயதில் இவன் சாப்பிட மறுத்தால் கோப்பையோடு வளவெல்லாம் ஓடியவள் நான். இப்போது நானே இவனைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன். "சாப்பிடடா" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் மெட்ராசுக்குப் போய்விடுவான். அதை நினைத்துக்கொண்டே அடுத்த படியில் காலை வைத்தேன். கால் படியில் இல்லை.

விழித்தபோது மதாமின் மடியில் கிடந்தேன். அவர் என் முகத்தில் ஏரித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பெண் முகம் வெளுத்துப் பக்கத்தில் நின்றாள். இனி ஒளிக்க முடியாது. எல்லாவற்றையும் மதாமுக்குச் சொன்னேன். அண்ணனை, மெட்ராசை, பெர்லினை, பட்டினியை. பட்டறைப் பிரெஞ்சில் அதெல்லாம் சொல்ல வார்த்தை போதவில்லை, ஆனாலும் விளங்கிக்கொண்டார். தேற்றுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"என் தாய் வீட்டுச் சனத்தைத் துருக்கியர் பட்டினி போட்டே பாலைவனத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். தெரியுமா உனக்கு? எங்கள் மண்ணுக்கு வந்து நீ வேண்டுமென்று பட்டினி கிடக்கிறாயா?"

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. பேசியது வழிகாட்டி. மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நாளைக்கும் நான் இப்படி இருந்தால் அவள் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால் என்னை ஆஸ்பத்திரியில் போடுவார்கள், முழுக் குழுவும் காத்துக் கிடக்கும். அதோடு இந்த மாணவன் எப்படி வெளிநாட்டாரின் பஸ்ஸில் ஏறினான் என்று விசாரிப்பார்கள். அவளுடைய வேலை போகும். அவனைப் படிப்பிலிருந்து நிறுத்தி நாட்டுக்கு அனுப்புவார்கள்.

நாடு என்றால் கொழும்பு விமான நிலையம். அங்கே தாடி வைத்த யாழ்ப்பாணப் பொடியன் ஒருவன் தனியாக இறங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சாப்பிட்டாலும் அவனை இழப்பேன், சாப்பிடாவிட்டாலும் இழப்பேன். முருகா, இது என்ன பொறி என்று ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி இடம், கெகார்ட். ஒடுங்கிய பள்ளத்தாக்கின் முடிவில் மலையையே குடைந்து செய்த மடாலயம். உள்ளே பாறையிலிருந்து ஊற்று வழிகிறது. அந்தக் குளிர்ந்த தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். என் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான். தம்பியும் வந்து குடித்தான்.

வெளியே முற்றத்தில் ஒரு குடும்பம் நேர்த்திக்கடன் தீர்த்துக்கொண்டிருந்தது. ஆட்டைக் கோயிலைச் சுற்றி மூன்று முறை கூட்டி வந்து அறுத்து, உப்புத் தவிர வேறொன்றும் போடாமல் பெரிய கிடாரத்தில் அவிப்பார்கள். நேர்த்தி வைத்த வீட்டுக்காரர் அதில் மிச்சம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். மகன் படையிலிருந்து திரும்பி வந்ததற்காக என்று வழிகாட்டி சொன்னாள். எந்தப் போரிலிருந்து என்று சொல்லவில்லை. தம்பி என் காதில் சொன்னான்: "ஆப்கானிஸ்தான்."

மகன் மதிலோரம் ஒரு கல்லில் வெள்ளைச் சட்டையோடு இருந்தான். தம்பியின் வயதுதான் இருக்கும். கை கால் எல்லாம் முழுதாக இருந்தன. நல்ல வடிவான பிள்ளை. சூரியகாந்தி விதை உடைத்துக்கொண்டிருந்தான். அப்போது கிடாரத்து மூடி ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தப் பிள்ளை ஒரே பாய்ச்சலில் மேசைக்குக் கீழே போய், தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிலத்தோடு நிலமாகப் படுத்துவிட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் பதறவும் இல்லை. பழகியவர்கள் போல அவரவர் வேலையை நிறுத்தி நின்றார்கள். தாய் மட்டும் போய்க் குனிந்து அவன் முதுகில் கையை வைத்து, அவன் மூச்சு அடங்கும்வரை அப்படியே இருந்தாள். பிறகு எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு இறைச்சி பங்கிட வந்தாள்.

தம்பி அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மதாமுக்குக் கொடுத்தாள். வழிகாட்டிக்குக் கொடுத்தாள். ரொட்டியில் சுற்றிய இறைச்சியை என்னிடம் நீட்டினாள். நான் இரண்டு கையையும் கூப்பித் தலையை அசைத்து வேண்டாம் என்றேன். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. ஏன் என்று மதாமிடம் கேட்டாள். முதல்நாளிலிருந்து என்னோடு பேசாத மதாம் இப்போது வாய் திறந்தார். விரலைத் தம்பியின் பக்கம் நீட்டி நீட்டி, ஒன்றையும் மறைக்காமல் முழுவதையும் சொல்லித் தீர்த்தார் என்று அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

அந்தத் தாய் தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். ஏதோ கேட்டாள். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். அவள் பிறகு நிறையச் சொன்னாள். கத்தவில்லை. அடுப்படியில் நின்று பிள்ளையோடு கதைக்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

தம்பி நிலத்தைப் பார்த்தான். எனக்கு அவன் பொய் சொல்லலாம். மதாம் பக்கத்தில் இருந்தார், முடியாது.

"'என்ர மகனைக் கொண்டு போகேக்கை ஒருதரும் என்னட்டைக் கேக்கேல்ல. கேட்டிருந்தால் நானும் உன்ர அக்கா மாதிரிக் கிடந்திருப்பன்' எண்டு சொல்லுறா."

"வேற?"

"'உன்னைப் பிடிச்சுக்கொண்டு போக ஒருதரும் வரேல்ல. நீயா எழும்பிப் போறாய். உனக்கென்ன விசரோ' எண்டு கேக்கிறா."

அவள் இன்னும் இறைச்சியை நீட்டிக்கொண்டு நின்றாள். இந்த முறை அவனுக்கு. முற்றத்தில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குக் கீழேயிருந்து வெளியே வந்த அந்தப் பிள்ளையும் பார்த்தான். தம்பி கை நீட்டி அதை வாங்கினான். வாயில் வைக்கவில்லை. என்னிடம் வந்து, ஒரு துண்டைப் பிய்த்து என் வாய்க்கு நேரே பிடித்தான்.

"வாறன் அக்கா. சாப்பிடு."

"எங்கை வாறாய்? வடிவாச் சொல்லு."

"பெர்லினுக்கு. பேந்து உன்னட்டை."

"அம்மாவாணை?"

அவன் துண்டை இன்னும் கிட்டக் கொண்டுவந்தான். "அம்மாவாணை" என்றான்.

வெள்ளிக்கிழமையில் நான் அதுவரை மச்சமாமிசம் தொட்டதில்லை. அன்று தின்றேன். உப்பும் கொழுப்புமாக நாக்கில் பட்டது. தம்பி மிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மதில் பக்கம் திரும்பி நின்று, எனக்கு முகத்தைக் காட்டாமல் அவசரம் அவசரமாகத் தின்றான். அவனுடைய முதுகு குலுங்கியது. அவன் அழுதான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை. மதாம் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, கை பிடித்துக் கூட்டிப்போகச் சொன்னார்.

பாரிஸ் வந்த பிறகுதான் உண்மையான பயம் தொடங்கியது. அம்மாவின் பேரில் சத்தியம் செய்தவன்தான், ஆனால் அறைத்தோழனோடு ஒரே அறையில் படுத்து எழும்புகிறவன். மனம் மாற எவ்வளவு நேரம் ஆகும்? பட்டறையில் கைக்கு வந்ததைக் கோணலாகத் தைத்தேன். மதாம் ஒன்றும் சொல்லாமல் பிரித்துத் திரும்பத் தரச் சொல்லிவிட்டார். லாச்சப்பலில் ஆராவது புதுப் பொடியன் கண்ணில் பட்டால், யெரெவானிலிருந்து ஆரும் வந்தவையோ என்று கேட்பேன். என் கணவர் இரவில் கதவுக்கு வெளியே காலடி கேட்டால் எனக்கு முன்னால் எழும்பி இருப்பார். விடுமுறை தொடங்கும் நாள் போய், இரண்டாம் கிழமையும் போனது. மெட்ராசுக்குப் போய்விட்டான் என்று நான் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய நேரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழேயிருந்த கடைக்குத் தொலைபேசி வந்தது. கடைக்கார அண்ணை படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா" என்றான் தம்பி. "மேற்கு பெர்லினில நிக்கிறன்."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணைதான் ரிசீவரை வாங்கி, எங்கே நிற்கிறான், எப்படி வருவது என்றெல்லாம் விசாரித்தார்.

இப்போது அவன் பாரிசுக்குப் பக்கத்தில் பொண்டியில் இருக்கிறான். பிள்ளைகள் அவனுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள், அவன் தமிழில் ஏசுகிறான். உயிரோடு இருக்கிறான். இன்றைக்கு ஒருவர் வந்து அதே வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன், ஒரு வாயும் தின்னாமல் கிடப்பேன்.

ஆனால் அவன் வந்து ஒரு வருடம் கழித்து நடந்ததையும் சொல்ல வேண்டும். லாச்சப்பலில் கடைக் கதவுகளிலும் தூண்களிலும் ஊரில் சண்டையில் செத்த பொடியன்களின் படம் போட்டு அறிவித்தல் ஒட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் சாமான் வாங்கப் போனோம். அவன் ஒரு தூணுக்கு முன்னால் நின்றுவிட்டான். நான் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்து, வந்து பார்த்தேன். படத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. அதனால் எனக்கு உடனே ஆளைத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அந்த மன்னார்ப் பொடியன்.

சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

"நீ அவனிட்டைச் சொல்லிப்போட்டே வந்தனி?" என்று கேட்டேன்.

"ஓம். ஸ்டேசனுக்கு என்ர பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏத்திவிட்டவனே அவன்தான்."

"கோவிக்கேல்லையோ?"

"இல்லை."

"அவன்ர வீட்டில ஒருதரும் மறிக்கேல்லையோ?"

"அவன்ர அம்மாவுக்குத் தெரியாது. மகன் படிக்கிறான் எண்டுதான் அவ இருந்தவ." தம்பி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "ரயில் வெளிக்கிடேக்கை, நீயும் வாடா எண்டு கடைசியாக் கேட்டனான். சிரிச்சவன். 'உனக்கு அக்கா வந்து பட்டினி கிடந்தவ. எனக்கு ஆர் மச்சான் கிடந்தது?' எண்டு கேட்டவன்."